“உழைப்பாளிகள், அடிமைகள் உட்பட…”: கேபிட்டல் கல்லில் அந்த ‘உட்பட’ எப்படி வந்தது?

#1 வெண்டைக்காய்

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான வாஷிங்டன் கேபிட்டலுக்குள் விடுதலை மண்டபத்தில் ஒரு மணற்கல் வைத்திருக்கிறார்கள். கட்டடம் எழுப்பிய அடிமைகளுக்கான அதிகாரபூர்வ அங்கீகாரம் அதுதான் என்கிறார்கள். வாசகம் தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்: “இந்த மணற்கல் 1824-1826-இல் கட்டப்பட்ட கேபிட்டலின் கிழக்கு முகப்பில் இருந்தது. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் உட்பட, உழைப்பாளிகளால் குவாரியில் வெட்டப்பட்டது. கேபிட்டலைக் கட்டியதில் அவர்களுக்கு இருந்த முக்கியப் பங்கை நினைவுகூர்கிறது.”

இதில் ‘உட்பட’ எதற்கு? போகிற போக்கில் சேர்த்த மாதிரி இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது, அதற்காகத்தான் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சட்டப்புள்ளி

முதலில் அந்தக் கல் அங்கே வந்த வழி. வரிசை தப்பினால் குறிப்பும் தப்பாகும்.

2000: கட்டுமானக் காலத்துக் கூலி ரசீதுகளை ஒரு செய்தியாளர் தோண்டியெடுத்து வெளியே கொண்டுவந்தார். அதே ஆண்டு, எந்த வகையில் அங்கீகரிக்கலாம் என்று பரிந்துரைக்க ஒரு பணிக்குழு அமைக்கத் தீர்மானம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் லூயிஸ் தலைமை வகித்தது அந்தக் குழுவுக்குத்தான்.

2005: கேபிட்டலின் கட்டடக்கலை வரலாற்றாளர் வில்லியம் ஆலன் எழுதிய அறிக்கை. இன்றைக்கு எல்லாரும் அள்ளிவிடும் எண்களில் பாதி அதிலிருந்து வந்தவை.

2007 டிசம்பர்: பார்வையாளர் மையத்தின் பெரிய மண்டபத்துக்கு ‘விடுதலை மண்டபம்’ என்று பெயர் வைக்கச் சட்டம். குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட முழுச் சட்டம். மையம் திறந்தது 2008 டிசம்பர் 2.

2009 ஜூலை: மண்டபத்தில் அடையாளக் கல் வைக்கச் சொல்லி 135-ஆம் இணைத் தீர்மானம். பிரதிநிதிகள் சபையில் 399-க்கு 1.

2010 ஜூன்: இரண்டு நினைவுப் பலகைகள். 2012 பிப்ரவரி 28: கல் திறப்பு.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இணைத் தீர்மானம் சட்டம் ஆகாது. இரண்டு அவைகளும் ஒப்புக்கொண்டால் போதும், குடியரசுத் தலைவர் மேசைக்குப் போகாது. கட்டடம் நாடாளுமன்றத்தின் பொறுப்பில் இருப்பதால் கட்டடப் பொறுப்பாளருக்கு அது கட்டளையாகும், அவ்வளவுதான். ஆகவே “அமெரிக்கா சட்டம் போட்டுக் கல் நட்டது” என்று குறிப்பில் எழுத வேண்டாம். பெயர் சூட்டல் சட்டத்தால், கல் தீர்மானத்தால்.

#3 பேரேட்டுப்பூனை

‘உட்பட’வுக்கு என் பதில்: அந்தச் சொல்லை எழுதியது 2012-இன் குழு அல்ல, 1790-களின் பேரேடு.

1792 ஏப்ரல் 13 அன்று நகரக் கமிஷனர்கள் போட்ட முடிவைப் பாருங்கள். நல்ல உழைப்பாளிகளான நீக்ரோக்களை ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு எடுப்பது. நல்ல உடுப்பும் ஆளுக்கு ஒரு கம்பளியும் எஜமான் தர வேண்டும். சாப்பாடு கமிஷனர்கள் பொறுப்பு. வாடகை ஆண்டுக்கு 21 பவுண்டு. ஆள் ஒரு வாரமோ அதற்கு மேலோ காணாமல்போனால் அந்த நாட்கள் கழிக்கப்படும். மாட்டுவண்டி வாடகை ஒப்பந்தத்தைப் போலவே இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் பணம் யாருக்குப் போகிறதோ அவர் பெயர்தான் பேரேட்டில் ஏறும், அதாவது எஜமான் பெயர். மாதிரிக்கு ஒரு சீட்டு: ஜாஸ்பர் ஜாக்சனுக்கு, கேபிட்டலில் ‘நீக்ரோ டிக்’ வேலை செய்ததற்கு, 1794 ஏப்ரல் 1 முதல் ஜூலை 1 வரை 3 மாதம், 5 பவுண்டு. இவ்வளவுதான் மொத்தச் சீட்டும். டிக்கின் வயது, ஊர், வீட்டார் என்று எதுவும் இல்லை. கல் வெட்டினாரா, மரம் அறுத்தாரா, மண் சுமந்தாரா என்பதும் இல்லை. ‘கேபிட்டலில்’ என்ற ஒரு சொல் இருப்பதே பெரிய அதிர்ஷ்டம்.

இப்போது கல்லை நடும் ஆளின் இடத்தில் நின்று பாருங்கள். குறிப்பிட்ட இந்தக் கல்லை வெட்டியவர் அடிமை என்று காட்ட ஆவணம் கிடையாது. அந்தக் குவாரியில் அடிமைகளும் சம்பளக்காரர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதற்கு உண்டு. அதனால் ‘உட்பட’. எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் பொய் இல்லை.

#4 வெண்டைக்காய்

நன்றி பூனையாரே. அப்படியானால் எத்தனை பேர்? இணையத்தில் ‘385 அடிமைகள்’ என்று நிறைய இடத்தில் பார்த்தேன்.

#5 பேரேட்டுப்பூனை

தவறு, அதுவும் எல்லாரும் செய்கிற தவறு. 385 என்பது 1795-க்கும் 1801-க்கும் இடையில் ‘நீக்ரோ வாடகை’ என்று பதிவான பணப் பட்டுவாடாக்களின் எண்ணிக்கை. ஒரே ஆளுக்கு மூன்று மாதத்துக்கொரு தரம் பட்டுவாடா நடந்திருக்கலாம். ஒரே சீட்டில் ஓர் எஜமானுடைய மூன்று ஆட்களும் இருந்திருக்கலாம். பட்டுவாடாவைத் தலையாக எண்ணினால் இரண்டு பக்கமும் பிசகும்.

தலை எண்ண உட்கார்ந்தால் வேறு மூன்று சிக்கல் வரும்.

முதலாவது பெயர். டிக், டாம், ஹாரி, பென் என்று பத்துப் பதினைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ‘டாம்’ நான்கு எஜமானர் பெயரில் வந்தால் நால்வராக எடுக்கத் தோன்றும். ஆனால் எஜமான் செத்திருக்கலாம், ஆளை விற்றிருக்கலாம், விதவை பெயருக்குக் கணக்கு மாறியிருக்கலாம். அதனால் பெயரோடு எஜமான், வேலைப் பிரிவு, தேதி மூன்றையும் சேர்த்து ஒரு வரியாகப் பதிவு செய்து, மேரிலாந்து, வர்ஜீனியா உயில்களோடும் சொத்துப் பட்டியல்களோடும் ஒத்துப்பார்த்த பிறகுதான் இரண்டு வரியை ஒன்றாக்கலாம். சந்தேகம் இருந்தால் பிரித்தே வையுங்கள். பின்னால் ஒட்டுவது சுலபம், ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாடு.

இரண்டாவது நாணயம். 21 பவுண்டு என்றதும் இங்கிலாந்துப் பவுண்டு என்று நினைத்து 93 டாலர் என்று போட்டுவிடுகிறார்கள். இது மேரிலாந்துக் கணக்கு. ஒரு டாலருக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ். 21 பவுண்டு என்றால் 420 ஷில்லிங், 7.5-ஆல் வகுத்தால் 56 டாலர். டிக்கின் 5 பவுண்டு 13 டாலர் 33 சென்ட், மாதத்துக்கு நாலரை டாலர் அளவில். “மாதம் 5 டாலர்” என்று பொதுவாகச் சொல்வது இந்த வட்டத்தில்தான் நிற்கிறது.

மூன்றாவதுதான் மோசம். ஒப்பந்தக்காரர் செங்கல்லுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றோ, கல்லுக்கு டன்னுக்கு இவ்வளவு என்றோ பணம் வாங்கியிருந்தால், அவருடைய அடிமைகள் நம் பேரேட்டுக்குள் வரவே மாட்டார்கள். பொருளின் விலைக்குள் அவர்கள் கரைந்துபோய்விடுவார்கள். ‘நீக்ரோ வாடகை’ என்ற தலைப்பை மட்டும் தேடுகிறவருக்கு இந்தக் கூட்டம் கண்ணில் படாது.

#6 ஓட்டைச்சட்டி

அப்போ வெள்ளை மாளிகை? “அடிமைகள் கட்டிய வீட்டில் தினமும் கண்விழிக்கிறேன்” என்கிற பொருளில் மிஷெல் ஒபாமா 2016-இல் பேசினாரே. அதற்கு மறுப்பாக “அடிமைகள் மட்டுமா கட்டினார்கள்?” என்று ஒரு கூட்டம் கிளம்பியதும் ஞாபகம்.

#7 பேரேட்டுப்பூனை

அவர் ‘மட்டும்’ என்று சொல்லவே இல்லை. அங்கும் கலப்புப் படைதான். ஸ்காட்லாந்துக் கல்தச்சர்கள், அயர்லாந்துக்காரர்கள், உள்ளூர்க் கூலிகள், சுதந்திரக் கறுப்பர்கள், அடிமைகள் எல்லாரும் உண்டு. ஆனால் வெள்ளை மாளிகையின் தச்சர் பட்டியல் கேபிட்டல் சீட்டுகளைவிடக் கொஞ்சம் பேசும். 1795-இல் பீட்டர், பென், ஹாரி, டேனியல் என்று நான்கு அடிமைத் தச்சர்கள் வருகிறார்கள். முதல் மூவர் யாருடையவர்கள் தெரியுமா? கட்டடத்தை வடிவமைத்த ஜேம்ஸ் ஹோபனுடையவர்கள். டேனியல் அவருடைய உதவியாளர் பியர்ஸ் பர்செலுடையவர். மேற்பார்வைக்கு ஹோபனுக்குச் சம்பளம் ஒருபக்கம், அவருடைய ஆட்களின் உழைப்புக்குக் கூலி இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே பைக்குப் போயிற்று.

வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் 2020-இல் இந்தப் பெயர்களையெல்லாம் தொகுத்துப் பொதுவில் வைத்தது. 2021 ஜூலையில் வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபயெட் சதுக்கத்தில் விளக்கப் பலகைகளும் வந்தன. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் வேலிக்கு வெளியிலேயே படிக்கலாம், அனுமதிச் சீட்டு வேண்டாம்.

#8 கல்லுளி

காகிதக்காரர்கள் பேசியாயிற்று, கல்லைப் பற்றி இரண்டு வார்த்தை.

கேபிட்டலுக்கும் வெள்ளை மாளிகைக்கும் ஆரம்பகாலக் கல் வந்தது வர்ஜீனியாவின் ஸ்டாஃபோர்ட் மாவட்டத்தில் அக்குவியா ஓடையில் உள்ள ஒரு சின்னத் தீவிலிருந்து. 1791-இல், தலைநகரை வடிவமைத்த லான்ஃபாங் அரசுக்காக அதை வாங்கினார். பொட்டோமாக் ஆற்றில் படகில் ஏற்றினால் தலைநகருக்குச் சுமார் 40 மைல். தண்ணீர்ப் பாதை இருந்ததால்தான் அந்தக் கல்லுக்கு இவ்வளவு மவுசு, தரத்தால் அல்ல.

வேலை எப்படி என்றால், பாறை முகத்தில் வேண்டிய அளவைக் குறித்துக்கொண்டு பின்பக்கமும் பக்கவாட்டிலும் பிக்காசால் கொத்திக் கொத்திக் காலுவாய் மாதிரி பள்ளம் இறக்குவார்கள். ஆள் நுழைந்து குனிந்து வேலை செய்கிற அகலம் வேண்டும். வேண்டிய ஆழம் வந்ததும் அடியில் வரிசையாக ஆப்பு வைத்து மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒரே ஆப்பை ஓங்கி அடித்தால் கல் குறுக்கே பிளந்துபோகும், பத்து நாள் பள்ளம் வீண். அந்த மணற்கல்லில் அங்கங்கே களிமண் கட்டியும் கூழாங்கல்லும் ஒளிந்திருக்கும். வெளியே தெரியாது, ஆப்பு இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஆக, “திறனற்ற கூலி” என்று பட்டியலில் போட்டுவிடுகிறார்களே, அது பொருந்தாது. தலைமைக் கல்தச்சர் காலன் வில்லியம்சன் குவாரியிலேயே வைத்து அடிமைகளுக்கு வேலை பழக்கினார்.

கல்லின் குறை இன்னொன்று: தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் குளிரில் உறைந்து விரியும், முகம் செதில் செதிலாக உரியும். அதனால்தான் 1798-இலேயே வெள்ளை மாளிகைக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். 1814-இல் ஆங்கிலேயர் வைத்த தீயின் கரியை மறைக்க வெள்ளை அடித்ததால்தான் பெயர் வந்தது என்கிற கதை பிழை. தீக்கு முன்பே வெள்ளை.

இந்தக் குறையினால்தான் அங்கீகாரக் கல்லும் கிடைத்தது என்று சொல்லலாம். 1958-க்கும் 1962-க்கும் இடையில் கிழக்கு முகப்பை 32 அடி 6 அங்குலம் முன்னுக்குக் கொண்டுவந்து ஜார்ஜியா சலவைக்கல்லில் புதிதாகக் கட்டினார்கள். கழற்றிய பழைய தூண்கள் பல ஆண்டு கிடந்துவிட்டுத் தேசியத் தாவரத் தோட்டத்துக்குப் போயின. 22 தூண்கள் அங்கே புல்வெளியில் கூரையில்லாமல் நிற்கின்றன. மீதிக் கற்கள் ராக் கிரீக் பூங்காவில் கிடந்தன. மேற்கு முகப்பை 1983-87-இல் சீரமைத்தபோது ஏறக்குறைய 40 சதவீத மணற்கல்லை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கல் வைத்தார்கள். எனவே ‘அடிமைகள் வெட்டிய கல்லைத் தொட்டுப் பார்’ என்று பிள்ளைகளிடம் கண்ட சுவரைக் காட்டி விடாதீர்கள். கிழக்குப் பக்கம் வெளியே நின்று நீங்கள் பார்க்கிறது 1960-களின் சலவைக்கல்.

என்னைக் கேட்டால், மண்டபத்துக் கல்லைவிடக் குவாரிக்குப் போவது மேல். அந்தத் தீவு 2010 முதல் மாவட்டப் பூங்கா. பாறை முகத்தில் வெட்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. ஒரு சாண் இடைவெளியைக்கூட விடாமல் சாய்கோடு சாய்கோடாக இறங்கும். ஒவ்வொரு கோடும் ஒரு கையின் வீச்சு.

#9 காவேரிக்கரை

எல்லாம் சரி அண்ணே, கோபம்தான் வருகிறது. உழைத்தவனுக்கு 200 வருஷம் கழித்து ஒரு கல். எஜமானுக்கு மட்டும் அன்றைக்கே ரொக்கம். விடுதலை கொடுத்தபோதும் எஜமானுக்குத்தானே நஷ்ட ஈடு கொடுத்தார்கள்?

#10 பேரேட்டுப்பூனை

ஆமாம், தலைநகர் எல்லைக்குள் அப்படித்தான். 1862 ஏப்ரல் 16 சட்டம். ஒதுக்கீடு 10 லட்சம் டாலர், தலைக்குச் சராசரி 300 டாலருக்கு மேல் போகக்கூடாது. எஜமானர்கள் 90 நாளுக்குள் மனுப்போட வேண்டும், அரசுக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்ய வேண்டும். விலை மதிப்பிட பால்டிமோரிலிருந்து ஓர் அடிமை வியாபாரியையே வரவழைத்தார்கள். வேறு யாருக்கு விலை தெரியும்! 966 மனுக்கள் வந்தன, 2,989 பேருக்கு ஈடு வழங்கப்பட்டது. விடுதலை பெற்றவருக்கு ஒரு காசு கிடையாது. நாட்டைவிட்டுப் போக ஒப்புக்கொண்டால் 100 டாலர் வரை.

கோபத்தோடு கோபமாக ஒன்றைக் கவனியுங்கள் தம்பி. பெயர் தேடுகிறவர்களுக்கு அந்த வெட்கங்கெட்ட மனுக்கள்தான் பெரிய புதையல். ஈடு வாங்க வேண்டுமே, அதனால் எஜமான் முதல் தடவையாக ஆளின் முழுப்பெயர், வயது, நிறம், உயரம், உடல்நிலை, தெரிந்த தொழில் எல்லாவற்றையும் எழுதுகிறான். 1790-களின் சீட்டில் ‘நீக்ரோ டிக்’ என்று நின்ற பேனா, 1862-இல் பணத்துக்காக வாய் திறந்தது. எஜமான் மனுப்போடாத இடத்தில் அடிமையே மனுப்போடலாம் என்று ஜூலை 12-இல் ஒரு துணைச் சட்டம் வந்தது. கறுப்பர் சாட்சியத்தையும் ஏற்றார்கள். அவற்றைத் தனியாகப் படியுங்கள், தொனியே வேறு.

#11 ஓட்டைச்சட்டி

கேபிட்டல் உச்சியில் நிற்கும் சுதந்திரச் சிலையைச் செய்ததே ஓர் அடிமை என்கிறார்களே, பிலிப் ரீட். அது எவ்வளவு உண்மை?

#12 பேரேட்டுப்பூனை

‘செய்ததே’ என்றால் மிகை. ‘ஒரு கை கொடுத்தார்’ என்றால் குறைத்துச் சொன்னதாகும். பிரித்துச் சொல்கிறேன்.

வடிவம் சிற்பி தாமஸ் க்ராஃபோர்டுடையது. ரோமில் செய்த பிளாஸ்டர் மாதிரி கப்பலில் வந்தது. ஐந்து பாகம். கேபிட்டலில் பார்வைக்கு வைக்க அதை ஒன்றாக மாட்டி, மூட்டுகளின் மேல் பிளாஸ்டர் பூசிவிட்டார்கள். வார்ப்படத்துக்குக் கொண்டுபோகக் கழற்ற வேண்டும், எங்கே மூட்டு என்று தெரியவில்லை. மாட்டிய இத்தாலியக் கைவினைஞர் கூடுதல் பணம் கேட்டு மறுத்துவிட்டார். ரீட் செய்தது இது: சிலையின் தலையில் இருந்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டி, கப்பி போட்டு மெதுவாக மேலே இழுத்தார். தூக்க அல்ல, இறுக்கம் கொடுக்க. இழுக்க இழுக்கப் பூச்சில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அதுதான் மூட்டு. உள்ளே போய்ப் போல்ட்டைக் கழற்றி, அடுத்த பாகத்துக்கும் அதே வேலை. இந்தச் சம்பவம் பட்டறை முதலாளியும் ரீட்டின் எஜமானுமான கிளார்க் மில்ஸின் மகன் சொல்லிப் பின்னால் அச்சேறியது. ரசீது மாதிரி நேர்ச் சான்று அல்ல, அதைக் குறிப்பில் ‘என்று பதிவாகியிருக்கிறது’ என எழுதுங்கள்.

ரசீது இருப்பது இன்னொன்றுக்கு. வாரத்தில் ஆறு நாள் ரீட்டின் கூலி மில்ஸுக்கு. ஞாயிறு மட்டும் அவருக்கே, நாளுக்கு 1 டாலர் 25 சென்ட். 1860 ஜூலை 1 முதல் 1861 மே 16 வரை 33 ஞாயிறு, ‘அச்சுகளுக்கு அடியில் தீ அணையாமல் பார்த்துக்கொண்டதற்கு’, மொத்தம் 41 டாலர் 25 சென்ட். வார்ப்பு அச்சு சூடு ஆறினால் ஈரம் ஏறும். ஈர அச்சில் உருகிய வெண்கலம் விழுந்தால் ஆவி வெடித்து அச்சும் போகும், ஆளும் போவான். ஞாயிறு லீவு என்று தீயை விட்டுவிட முடியாது. அதற்குத்தான் அந்தக் காசு.

மில்ஸின் 1862 மனு: வயது 42, குட்டை, நல்ல உடல்நிலை, பார்க்க எடுப்பாக இல்லை, ஆனால் புத்திக்கூர்மை உள்ளவர், வார்ப்படத்தில் நல்ல வேலைக்காரர். கேட்டது 1,500 டாலர், கிடைத்தது 350 டாலர் 40 சென்ட். 19 அடி 6 அங்குல உயரம், சுமார் 15,000 பவுண்டு எடை உள்ள சிலையின் கடைசிப் பாகம் ஏறியது 1863 டிசம்பர் 2. அன்றைக்கு ரீட் சுதந்திர மனிதர். “அடிமையாகவே நின்று சிலை ஏறுவதைப் பார்த்தார்” என்று எழுதுகிறவர்கள் தேதியைப் பார்க்காதவர்கள்.

அந்தப் பிளாஸ்டர் மாதிரி இப்போது அதே விடுதலை மண்டபத்தில்தான் நிற்கிறது. கல்லையும் மாதிரியையும் சேர்த்துக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

#13 கிழக்குக்கரை

பெயர் விழுங்கும் வேலை அமெரிக்காவோடு முடியவில்லை. டச்சுக் கம்பெனிப் பதிவுகளில் நம் கரை ஆட்களுக்கும் இதே கதி. 1659-61 பஞ்சத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரை இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். கேப் டவுனுக்குப் போனவர்கள் பதிவில் ‘இன்னார், கோரமண்டல்’, ‘இன்னார், மலபார்’ என்று நிற்பார்கள். அந்த ‘இன்னார்’ டச்சுக்காரன் வைத்த பெயர், கூட இருக்கும் ஊர் கப்பல் ஏறிய கரை. அங்கே பிறந்தார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கொழும்பில் அடிமைகளை அடைத்து வைத்த இடத்தின் ஆங்கிலப் பெயரில் அடிமை என்ற சொல் ஒட்டிக்கொண்டது. தமிழில் அது கொம்பனித்தெரு ஆகிவிட்டது, யாருடைய தெரு என்று பாருங்கள்!

கேப் டவுனில் 1679-இல் கட்டிய கம்பெனி அடிமை விடுதி பின்னாளில் பண்பாட்டு அருங்காட்சியகம் என்று பெயர் மாறி, 1998-இல்தான் மறுபடி ‘அடிமை விடுதி’ ஆனது. பக்கத்துச் சதுக்கத்தில் 2008-இல் 11 கருங்கல் கட்டைகள் வைத்து நினைவிடம்.

#14 ஓட்டைச்சட்டி

சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் நம் ஆட்கள்தானே? அதையும் சேர்க்கலாமா?

#15 கிழக்குக்கரை

அவர்கள் இந்தியக் கைதிகள். 1856-இல் தொடங்கிய அந்தத் தேவாலயமும், 1867-69-இல் எழுந்த இஸ்தானா மாளிகையும் கைதி உழைப்பு. சென்னைச் சுண்ணம் என்கிற பூச்சு, அதாவது கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர், எல்லாம் நம் கைப்பக்குவம். கட்டாய உழைப்பு என்பது சரி, அடிமை என்பது சரியில்லை. கைதி தண்டனை பெற்று வந்தவன், அவன் பிள்ளை கைதியாகப் பிறப்பதில்லை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதினால் இரண்டுமே மங்கும்.

#16 மட்டுறுத்துநர்

தஞ்சைப் பெரிய கோயில் கட்டியது யார் என்று வந்த நான்கு இடுகைகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.

#17 கல்லுளி

பெயர் இல்லாத இடத்தை என்ன செய்வது என்பதற்கு நான் பார்த்ததில் நேர்மையான விடை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2020-இல் முடிந்த நினைவிடம். 80 அடி விட்டத்தில் கருங்கல் வளையம். அந்த வளாகத்தைக் கட்டியும் பராமரித்தும் வந்த அடிமைகள் சுமார் 4,000 பேர் என்பது அவர்கள் மதிப்பீடு. சுவரில் ஆளுக்கு ஒரு வெட்டுக்கோடு. பெயர் தெரிந்தால் கோட்டின் மேல் பெயர். பெயர் தெரியாமல் தொழிலோ உறவோ தெரிந்தால் அதை வெட்டியிருக்கிறார்கள். எதுவும் தெரியாவிட்டால் கோடு மட்டும். நாளைக்கு ஒரு பெயர் கிடைத்தால் அந்தக் கோட்டின் மேல் வெட்டிக்கொள்ளலாம்.

கேபிட்டல் கல்லோடு ஒப்பிடுங்கள். அங்கே வாசகம் மூடிவிட்டது. புதிதாக நூறு பெயர் கிடைத்தாலும் ஏற்ற இடமில்லை. பலகை வைக்கிறவர்கள் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், ‘உட்பட’வைவிட என் புகார் இதுதான்.

#18 சட்டப்புள்ளி

கல்லுளி சொல்வது நியாயம். ஆனால் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஒரு வாசகத்தில் ஒரு சொல் மாற்ற வேண்டுமானாலும் மறுபடி குழு, தீர்மானம், இரண்டு அவை. பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வாசகம் மொட்டையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: யாரும் எதிர்த்து வாக்களிக்கத் துணியாத அளவுக்கு வழுவழுப்பாக்கிவிடுவார்கள். 399-க்கு 1 சும்மா வருமா?

#19 வெண்டைக்காய்

வரைவு போட்டிருக்கிறேன், கிழித்துத் தொங்கவிடுங்கள்:

“கேபிட்டல் கட்டடத்தை 385 அடிமைகள் கட்டினார்கள். அவர்கள் மாதம் 5 டாலர் சம்பளம் பெற்றனர். 2012-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி அவர்களைக் கௌரவித்தது. மேலே நிற்கும் சிலையை ரீட் என்ற அடிமை செய்தார்.”

(முதல் இடுகைக்கு முன்பே எழுதியது, திருத்தாமல் போடுகிறேன். எங்கே தப்பு என்று பிள்ளைகளுக்கும் காட்டலாம் அல்லவா.)

#20 பேரேட்டுப்பூனை

நான்கு வரி, நான்கும் பிழை. நல்ல பாடம்தான்! இப்படி மாற்றுங்கள்:

“கேபிட்டலின் முதல் பகுதியைக் கட்டச் சம்பளக்காரர்களோடு அடிமைப்படுத்தப்பட்டவர்களும் உழைத்தார்கள். அவர்கள் உழைப்புக்கான வாடகை, மாதம் சுமார் 5 டாலர், அவர்களுடைய எஜமானர்களுக்குப் போனது. 1795 முதல் 1801 வரை இப்படி 385 பட்டுவாடாக்கள் பதிவாகியுள்ளன. எத்தனை பேர் என்பது அந்தப் பதிவுகளிலிருந்து தெரியாது. 2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2012-இல் இந்தக் கல் வைக்கப்பட்டது. சுதந்திரச் சிலையின் வார்ப்பில் வேலை செய்தவர்களில், அடிமையாக இருந்து பெயர் தெரிந்த ஒருவர் பிலிப் ரீட்.”

‘சம்பளம் பெற்றனர்’ என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். ஒரு வினைச்சொல் மொத்த உண்மையையும் தலைகீழாக்கிவிடும்.

#21 சொற்கொத்தன்

மொழி விஷயம் ஒன்று. ‘அடிமைகள்’ என்பதா, ‘அடிமைப்படுத்தப்பட்டவர்கள்’ என்பதா? ஆங்கிலத்தில் இப்போது இரண்டாவதைத்தான் எழுதுகிறார்கள், காரணம் தெரிந்ததே. தமிழில் ‘அடிமை’க்கு இன்னொரு வாடையும் உண்டு. ‘உனக்கு அடிமை’ என்று பாசுரம் பாடிய மொழி இது. அந்தச் சொல்லில் விருப்பமும் கலந்து கிடக்கிறது. அதனால் முதல் தடவை ‘அடிமைப்படுத்தப்பட்டவர்கள்’ என்று நீட்டி எழுதிவிட்டு, பிறகு ‘அடிமைகள்’ என்று சுருக்குங்கள். வரிக்கு வரி நீட்டினால் பத்து வயதுப் பிள்ளை மூச்சுத்திணறும்.

‘நீக்ரோ’ என்பதை மேற்கோளுக்குள் மட்டும் வையுங்கள்.

#22 வெண்டைக்காய்

எல்லாருக்கும் நன்றி, குறிப்பு முழுவதையும் மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று: பிலிப் ரீட் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். எது சரி?

#23 பேரேட்டுப்பூனை

இரண்டும் வேறு வேறு காலத்தவை. அடிமையாக இருந்தபோது எழுதப்பட்ட காகிதங்களில் நடுவில் இரண்டு ‘இ’ எழுத்து. விடுதலைக்குப் பிறகு அதில் ஓர் ‘இ’ போய் ‘ஐ’ வந்திருக்கிறது. பிந்தியதையே இப்போது எல்லாரும் பின்பற்றுகிறார்கள். 41 டாலர் 25 சென்ட் ரசீதில் அவர் கையெழுத்து இல்லை, பெருக்கல் குறி ஒன்றுதான். பெயரைப் பக்கத்தில் எழுதியது வேறு கை.

தமிழில் எழுதும்போது இரண்டுமே ‘ரீட்’தான். மாறிய அந்த ஓர் எழுத்தைக் காட்ட நமக்கு வழியில்லை, ஆகவே அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.